சின்ன எழுத்தில் மதம்

எந்தக் கிரிக்கெட் தளத்தைத் திறந்தாலும் ரவீந்திர ஜடேஜாவின் பெயருக்குக் கீழே 'ஸ்லோ லெஃப்ட் ஆர்ம் ஆர்த்தடாக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். இடது கையால், விரலால் பந்தைச் சுழற்றி, வலது கை பேட்ஸ்மேனுக்கு வெளிப்பக்கமாகத் திருப்புகிறவர் என்று அர்த்தம். அதே இடது கையை வைத்துக்கொண்டு குல்தீப் யாதவ் மாதிரி மணிக்கட்டால் சுழற்றினால் அது 'அன்ஆர்த்தடாக்ஸ்'. குத்துச்சண்டையில் இடது காலை முன்னால் வைத்து நிற்கும் வலது கைக்காரருக்கும் ஆர்த்தடாக்ஸ் என்றுதான் பெயர். சென்னையின் ஆங்கில நாளிதழ் வரன் விளம்பரத்தில் 'ஆர்த்தடாக்ஸ் ஃபேமிலி' என்று பார்த்தால் மடி, ஆசாரம் எல்லாம் விடாமல் பார்க்கும் வீடு என்று புரிந்துகொள்கிறோம். கோட்டயத்துக்குப் போய் அதே சொல்லைச் சொன்னால் அது ஒரு திருச்சபையின் பெயர். தேவாலயங்களின் உரிமைக்காக யாக்கோபாய சபையோடு பல பத்தாண்டுகள் வழக்கு நடத்தி, 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிய சபை.

கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'நேரான கருத்து' என்று பொருள். கிறிஸ்து யார், எப்படிப்பட்டவர் என்று ஆயர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடிய காலத்தில், தங்கள் பக்கம்தான் நேரான பக்கம் என்று சொல்லிக்கொள்ளப் பயன்பட்ட சொல் அது. தோற்ற பக்கமும் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டது. ஜெயித்த பக்கத்துக்குப் பெயர் நிலைத்தது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் எனக்குத் தொழில். அரசியல், வரலாறு, அறிக்கைகள், சில நேரம் நாவல்கள். கலைச்சொற்களுக்கு அகராதி இருக்கிறது, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என்னை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பவை இந்த மாதிரிப் பெயரடைகள்தான். ஒரு மதத்தின் பெயரோ, ஒரு சபையின் பெயரோ, ஒரு புனிதரின் பெயரோ தேய்ந்து, ஒரு ஆளின் குணத்தையோ ஒரு பொருளின் தரத்தையோ சொல்ல வந்துவிட்ட சொற்கள். இவற்றோடு பல வருஷம் மல்லுக்கட்டிய பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. இப்படி ஒரு சொல் புகழ்ச்சியாகவோ வசையாகவோ நின்றுவிட்டால், அந்த மதத்தைப் பற்றி அது நமக்குச் சொல்வது கொஞ்சம்தான். அந்தச் சொல்லை ஆண்டவர்கள் எந்தக் காலத்தில் யாரோடு சண்டை போட்டார்கள், யாரைப் பார்த்து மிரண்டார்கள் என்பதைத்தான் அது விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலம் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. பெரிய எழுத்தில் தொடங்கினால் மதம், சின்ன எழுத்தில் தொடங்கினால் குணம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. காதுக்கும் கிடையாது. அதனால் இந்தச் சொற்கள் நம்மிடம் வரும்போது அந்தத் தடுப்பு இல்லாமல் வருகின்றன.

'கத்தோலிக்க' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதர் இறந்த பிறகு எழுதும் இரங்கல் குறிப்பில், அவருடைய வாசிப்பு 'கத்தலிக்' ஆக இருந்தது என்று சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். துப்பறியும் கதையிலிருந்து தத்துவம்வரை எல்லாம் படிப்பார், எதையும் ஒதுக்கமாட்டார் என்று பாராட்டு. 'முழுமைக்கும் பொதுவான' என்பதுதான் கிரேக்க மூலம். அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ், 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமுக்குச் சாவை நோக்கி அழைத்துச் செல்லப்படும் வழியில் எழுதிய கடிதம் ஒன்றில்தான் 'கத்தோலிக்கத் திருச்சபை' என்ற தொடர் நமக்குத் தெரிந்து முதலில் வருகிறது.

ரோமுக்கு எதிராக இங்கிலாந்து எத்தனை ஆண்டு கொந்தளித்தது! எட்டாம் ஹென்றி காலத்திலிருந்து 1829-ல் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரலாம் என்று சட்டம் வரும்வரை கத்தோலிக்கராக இருப்பதே அங்கே சந்தேகத்துக்குரிய விஷயம். அப்படியிருக்க, இந்தச் சொல் மட்டும் எப்படிப் பாராட்டாகவே தங்கியது? எனக்குக் கிடைத்த விடை, இங்கிலாந்துத் திருச்சபை தன் விசுவாசப் பிரமாணத்தில் 'கத்தோலிக்க, அப்போஸ்தலத் திருச்சபை' என்றுதான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சொல்கிறது என்பது. அந்தச் சொல்லை அவர்கள் எதிரிக்கு விட்டுக்கொடுக்கவில்லை, தங்களுடையது என்று வைத்துக்கொண்டார்கள். வசைக்கு வேறு சொற்களைச் செய்துகொண்டார்கள். போப்பாண்டவர் பெயரிலிருந்து 'போப்பிஷ்', ரோம் பெயரிலிருந்து 'ரோமிஷ்'. மொழி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தங்களுக்கு வேண்டிய சொல்லை எப்படி அழுக்குப்படாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தமிழில் இதற்கு இணையாக நான் நினைத்துப் பார்ப்பது 'சைவம்'. சிவனை வழிபடும் சமயத்தின் பெயர் இட்லி, சாம்பார், தயிர்சாதத்துக்குப் பெயராகி எத்தனையோ காலமாகிறது. ஒரு முஸ்லிம் நண்பர் கல்யாண வீட்டுப் பந்தியில் "எனக்கு இன்னிக்கு சைவம்தான்" என்கிறார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லில் இருந்த சமயம் அந்த இடத்தில் யாரையும் தொடுவதில்லை. ஆனால் அதே சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக 'அசைவம்' என்று ஒன்றைச் செய்தபோது, பெரும்பாலான மக்களின் அன்றாடச் சாப்பாட்டுக்கு 'அது இல்லாதது' என்று பெயர் விழுந்தது. யார் சாப்பாடு இயல்பு, யார் சாப்பாடு விலகல் என்று முடிவு செய்தவர்கள் யார் என்பது அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். என்னை அதிகம் உறுத்திய சொல் 'ஜெசுவிட்டிக்கல்'. அகராதியில் முதல் பொருள், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையை (நம் ஊரில் சேசு சபை) சார்ந்த. இரண்டாம் பொருள், சூதான, வார்த்தையில் ஒளிந்து ஏமாற்றுகிற, தலைமுடியைப் பிளக்கிற மாதிரி வாதம் செய்து தப்பிக்கிற. பிரிட்டிஷ் அரசியல் பற்றிய ஒரு புத்தகத்தில், அமைச்சர் ஒருவர் தந்த விளக்கத்தைப் பற்றி ஆசிரியர் அந்தப் பெயரடையைப் போட்டிருந்தார். என் பெரியப்பா திருச்சியில் சேசு சபைச் சாமியார்களிடம் படித்தவர். அவரிடம் கேட்டேன்.

"பெரியப்பா, ஒருத்தன் சேசு சபை சாமியார் மாதிரி பேசுறான்னு சொன்னா உங்களுக்கு என்ன தோணும்?"

"நிதானமா, ஆதாரத்தோட பேசுறான்னு தோணும். எங்க கணக்கு ஃபாதர் ஒரு விடை வந்துட்டா விடமாட்டார். இன்னொரு வழியில போட்டு அதே விடை வருதான்னு காட்டு, அப்புறம் உட்காரும்பார்."

ஆங்கிலத்தில் அதற்கு என்ன பொருள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது யாருப்பா எழுதுனது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 16-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இருக்கிறது. 1540-ல் போப்பின் அங்கீகாரம் பெற்ற இயேசு சபை, நாற்பது ஆண்டுகளில் இங்கிலாந்துக்குள் ரகசியமாக ஆள் அனுப்பத் தொடங்கியது. அப்படி வந்த எட்மண்ட் கேம்பியன் 1581-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். 1585-ல் வந்த சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு இங்கிலாந்தில் கால் வைப்பதையே ராஜத்துரோகம் ஆக்கியது. அவருக்கு இடம் கொடுத்த வீட்டாருக்கும் மரணம்தான். பணக்காரக் கத்தோலிக்கர்களின் வீடுகளில் சுவருக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் ஆள் ஒளியும் பொந்துகள் கட்டினார்கள்.

அந்த வீட்டுக் கதவை அதிகாரிகள் தட்டும் இரவை யோசித்துப் பாருங்கள். "உள்ளே குரு இருக்கிறாரா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறார் என்றால் சுவருக்குள் இருப்பவரும் கேட்கப்பட்டவரும் சாகவேண்டும். இல்லை என்றால் பொய். பொய் பாவம் என்று ஆழமாக நம்புகிற மனிதர்கள் அவர்கள். இந்த இடத்தில்தான் ஒரு வாதம் உருவாயிற்று. பாதி வாக்கியத்தை வாயால் சொல்லி, மீதியை மனதுக்குள் கடவுள் கேட்கும்படி சொல்லி முடிக்கலாம் என்ற வாதம். "இங்கே குரு யாரும் இல்லை" என்று வாய் சொல்லும், "உங்களிடம் காட்டிக்கொடுப்பதற்கு" என்று மனம் முடிக்கும். இங்கிலாந்தில் இயேசு சபைக்குத் தலைவராக இருந்த ஹென்றி கார்னெட் இதை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். 1605 நவம்பரில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டபோது, அந்தச் சதி பாவசங்கீர்த்தனம் (குருவிடம் ரகசியமாகப் பாவத்தை அறிக்கையிடுவது) வழியாக அவருக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வந்தது. 1606 மே மாதம் லண்டனில் அவரைத் தூக்கிலிட்டார்கள். விசாரணையில் அந்த நூல் அவருக்கு எதிரான சாட்சி. ஏறக்குறைய அதே சமயம் எழுதப்பட்ட மேக்பெத் நாடகத்தில், குடிபோதையில் இருக்கும் வாயிற்காவலன் தன்னை நரகத்தின் காவலனாகக் கற்பனை செய்துகொண்டு, இரட்டை நாக்கால் பேசிப் பேசியும் சொர்க்கத்துக்குள் பேசி நுழைய முடியாத ஒருவனை உள்ளே வரவேற்கிறான். பார்வையாளர்களுக்கு அது யார் என்று தெரிந்திருக்கும்.

உயிருக்குப் பயந்தவர்களின் பேச்சு அது. தூக்குக்கயிற்றைக் கையில் வைத்திருந்தவர்கள் அதற்குச் சூது என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரான்சில் தத்துவ அறிஞர் பாஸ்கல் இயேசு சபையைத் தாக்கி 1656-57-ல் எழுதிய கடிதங்களும் இந்தப் பெயரை இன்னும் அழுத்தமாக்கின. அங்கே நடந்தது கத்தோலிக்கர்களுக்குள்ளேயே நடந்த வேறொரு சண்டை.

கார்னெட் தூக்கிலிடப்பட்ட அதே 1606-ன் கடைசியில் இன்னொரு சேசு சபைக்காரர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். ராபர்ட் தெ நொபிலி. காவி கட்டினார், சைவ உணவு உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றுத் தத்துவ போதகர் ஆனார். நான் ஒரு பக்கமாகப் பேசுவதாகத் தோன்றக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: தன்னைப் பரங்கி இல்லை, ரோமாபுரி ராஜ குலத்துச் சந்நியாசி என்று அவர் சொல்லிக்கொண்டது ஏமாற்று வேலைதான் என்று அவருடைய சொந்தச் சபைக்காரர்களே ரோமுக்கு எழுதினார்கள். 1623-ல் போப் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை அந்தப் பிரச்சினை ஓயவில்லை. ஆகவே ஆங்கிலப் பெயரடைக்கு நம் ஊரிலும் ஆள் காட்டலாம் என்று ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும்.

ஆனால் நம் மொழியில் அந்தச் சபையின் நினைவு அப்படித் திரளவில்லை. 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட அன்றீக்கே அடிகளார் சேசு சபைக்காரர். 1732-ல் சதுரகராதியைத் தொகுத்த வீரமாமுனிவர் சேசு சபைக்காரர். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தோம். ஓரியூரில் 1693-ல் வெட்டிக் கொல்லப்பட்ட அருளானந்தருக்கு இன்றைக்கும் அந்த மண்ணில் திருவிழா. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு 'சேசு சபை' என்றால் கல்லூரி, நூலகம், கண்டிப்பான வாத்தியார். அந்த ஆங்கிலப் பெயரடையை அப்படியே தமிழில் எழுதியிருந்தால் லண்டனின் பகையை எடுத்துவந்து திருச்சியில் இறக்கியிருப்பேன். 'வார்த்தையில் நழுவுகிற விளக்கம்' என்று எழுதினேன். ஆசிரியர் சொல்ல வந்தது அதுதான்.

பெண்களின் பெயர்களுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தம் தருவது. மலிவாக மினுக்குகிற, தரமில்லாத பகட்டுக்கு ஆங்கிலத்தில் 'டாட்ரி' என்பார்கள். அது ஒரு புனிதையின் பெயர். ஈலி நகரத்து மடத்தை நிறுவி 679-ல் இறந்த எத்தெல்ரீதா என்ற அரசி. மக்கள் வாயில் செயின்ட் ஆட்ரி. கழுத்தில் கட்டி வந்து இறந்தார். இளமையில் ஆசை ஆசையாகக் கழுத்தணிகள் அணிந்ததற்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று அவரே சொன்னதாகத் துறவி பீட் எழுதிய வரலாறு சொல்கிறது. அவருடைய அக்டோபர் திருநாள் சந்தையில் பட்டுக் கழுத்துப்பட்டிகள் விற்றார்கள், 'செயின்ட் ஆட்ரி லேஸ்' என்ற பெயரில். செயின்டின் கடைசி 'ட்' ஆட்ரியோடு ஒட்டி, சரக்கின் தரம் இறங்கி, 17-ஆம் நூற்றாண்டில் வசைச்சொல் தயார். கழுத்தணிக்காக வருந்தி இறந்த பெண்ணின் பெயர் மட்டமான கழுத்தணிக்கு ஆகிப்போனது. 'மாட்லின்' அப்படியே: குடித்துவிட்டு அழுது புலம்புகிறவனுக்கான பெயரடை. அந்தப் பெயருக்கு உரியவள் இயேசுவின் கல்லறை வாசலில் நின்று அழுத மகதலா மரியாள். ஆக்ஸ்ஃபோர்டின் மக்தலேன் கல்லூரியை இன்றைக்கும் 'மாட்லின்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். தான் நேசித்த ஒருவரைப் புதைத்த இடத்தில் அழுத பெண்ணின் கண்ணீர் எப்படிக் குடிகாரன் கண்ணீரானது? அவளை அழுதபடியே வரைந்த ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கண்கள் செய்த வேலை என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். இதற்கு அதிக ஆராய்ச்சி வேண்டியதில்லை. எனக்கு இது கொடுமையாகவே படுகிறது.

எதிர்த் திசையில் போன சொல்லும் உண்டு. எந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தாலும் 'என்தூசியாஸ்டிக்' இளைஞர்கள் தேவை என்று இருக்கும். உற்சாகமான, ஆர்வமுள்ள. கிரேக்க மூலத்தில் அது 'கடவுள் உள்ளே புகுந்த' நிலை. நம் ஊர்ப் பேச்சில் சாமி வந்தவர். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரும் புதுப்புதுச் சபைகளும் கிளம்பியபோது, கடவுள் என்னோடு நேராகப் பேசினார் என்று சொல்லி எழுந்த நெசவாளர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் படிப்பறிவில்லாத பெண்களையும் இந்தச் சொல்லால்தான் அடித்தார்கள். ஜான் லாக் 1700-ல் தன் பெரிய தத்துவ நூலின் நான்காம் பதிப்பில் இதைக் கண்டித்து ஒரு அத்தியாயமே சேர்த்தார். சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி, தனக்குத் தனியாக இறைவெளிப்பாடு கிடைத்ததென்ற வீண் நம்பிக்கை என்று இதற்குப் பொருள் எழுதியது. மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி வயல்வெளியில் நின்று சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் செய்தபோது மதகுருமார் அவர்மேல் வீசிய சொல்லும் இதுவே.

சாமி வந்து ஆடும் ஒரு பெண்ணை நம் ஊரில் படித்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பழைய சூடு விளங்கும். கோயில் வாசலில் நின்று கேட்க வேண்டியவள், எந்த அனுமதியும் இல்லாமல் ஊருக்கே உத்தரவு போடுகிறாள். அந்த அச்சம் தணிந்த பிறகுதான் சொல் இனித்தது. இப்போது அதே சொல்லால் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன.

ஐடி அலுவலகங்களில் இந்த மாதிரிச் சொற்கள் நிறையவே புழங்குகின்றன. கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய முடியாது என்ற நிலைக்கு தாமஸ் ஹக்ஸ்லி 1869-ல் உருவாக்கிய 'அக்னாஸ்டிக்', இன்று எந்த கிளவுடிலும் ஓடுகிற மென்பொருளுக்குப் பெயர். நற்செய்தி அறிவிப்பவருக்குரிய 'இவாஞ்சலிஸ்ட்', 1980-களில் ஆப்பிளின் மேக்கின்டாஷ் காலத்திலிருந்து ஒரு பதவிப் பெயர். இவற்றால் யாருக்கும் வலி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடந்து போகலாம்.

கடந்து போக முடியாதது 'ஃபண்டமென்டலிஸ்ட்'. இன்று ஆங்கிலச் செய்தியில் இந்தச் சொல் வந்தால் அடுத்த சொல் எந்த மதத்தைக் குறிக்கும் என்று வாசகர் பெரும்பாலும் ஊகித்துவிடுவார். ஆனால் அது பிறந்தது அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் வீட்டில். கலிஃபோர்னியாவின் எண்ணெய்த் தொழிலதிபர் லைமன் ஸ்டுவர்ட்டும் அவர் சகோதரரும் பணம் போட்டு, 1910-லிருந்து 1915-க்குள் 12 தொகுதிகளாக 90 கட்டுரைகளை வெளியிட்டார்கள். விவிலியம் பிழையற்றது, கிறிஸ்து கன்னியிடம் பிறந்தார் என்பன போன்ற 'அடிப்படைகளை' நவீனத் திறனாய்விலிருந்து காப்பது நோக்கம். 1920-ல் பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் கர்டிஸ் லீ லாஸ், அந்த அடிப்படைகளுக்காகப் போராடத் தயாராக இருப்பவர்கள் என்று பெருமையோடு இந்தப் பெயரைத் தங்களுக்குச் சூட்டினார். 1925 ஜூலையில் டென்னசியின் டேட்டன் ஊரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காகப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்த வழக்கை நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதியபோதுதான் பெயர் நகைப்புக்குரியதானது. 1979 ஈரான் புரட்சிக்குப் பிறகு அது கடல் கடந்து இஸ்லாத்தின்மேல் உட்கார்ந்தது.

தமிழில் நாம் அதை 'அடிப்படைவாதி' ஆக்கினோம். டேட்டனும் தெரியாது, ஸ்டுவர்ட் சகோதரர்களும் தெரியாது. சொல் நம்மிடம் வரும்போதே வேறு ஒருவர்மேல் உட்கார்ந்திருந்தது. அதோடு சேர்ந்து வந்தது 'மாடரேட்'. மிதவாத முஸ்லிம் என்று எழுதுகிறோம். மிதவாத மெதடிஸ்ட் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஒரு பெயருக்கு முன்னால் 'மித' என்று போட்டால்தான் அவர் உள்ளே வரலாம் என்றால், அந்தப் பெயர் தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இதில் நமக்கு நம்முடைய வரலாறே துணைக்கு வரவேண்டும். 1907 சூரத் பிளவைப் பற்றிய பாடத்தில் கோகலே மிதவாதி, திலகரும் அவர் வழியில் நின்ற வ.உ.சி.யும் தீவிரவாதிகள் என்று படித்தோம். பிரிட்டிஷ் அரசு பார்த்த பார்வையின் மிச்சம் அந்தச் சொல்லில் இருந்தது, ஆனால் நாம் வ.உ.சி.யை மதித்ததால் சொல்லும் மதிப்போடு நின்றது. இன்று அதே 'தீவிரவாதி'யை ஒரு செய்தியில் பார்த்தால் யாருக்காவது கப்பலோட்டியவர் நினைவுக்கு வருவாரா?

'கிறிஸ்டியன்' என்ற பெயரடைக்கும் நீண்ட கதை உண்டு. ஒருவர் நல்லது செய்தால் அது ரொம்ப கிறிஸ்டியன் செயல் என்று பழைய ஆங்கிலேயர்கள் பாராட்டினார்கள். மனிதத்தன்மை என்றாலே அது என்பது போல. ஷேக்ஸ்பியரின் பாத்திரம் ஒருவன், ஒரு கிறிஸ்டியனுக்கோ சாதாரண மனிதனுக்கோ இருக்கும் அறிவுக்கு மேல் எனக்கு இல்லை என்கிறான். இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். மற்ற மதத்தார் எங்கே நிற்பது என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை. இதே வழக்கம் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் வேறு விதமாக இருந்தது. மண்ணில் அயோடின் இல்லாததால் அங்கே தைராய்டு குறைபாட்டோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களை அந்த ஊர்ப் பிரெஞ்சு வழக்கில் 'கிரெத்தென்' என்றார்கள். கிறிஸ்தவர் என்று பொருள். விலங்கு என்று நினைக்காதே, அதுவும் ஞானஸ்நானம் பெற்ற உயிர், நம்மைப் போல மனிதப் பிறவி. இரக்கத்தில் வைத்த பெயர். மருத்துவர்கள் அதை நோயின் பெயராக்கினார்கள், பள்ளிப் பையன்கள் வசையாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் 1922 முதல் உப்பில் அயோடின் சேர்த்து அந்த நோயையே ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். வசை மட்டும் 'கிரெட்டின்' என்று ஆங்கிலத்தில் இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் கேட்பது: பேசுகிறவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாதே, அவர் மனதில் பகை இல்லையே? உண்மைதான். ஆனால் பெயருக்கு உரியவருக்குத் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளில் 'யூதர்' என்ற சொல்லுக்குக் கீழே கந்துவட்டிக்காரர், பேரத்தில் ஏய்ப்பவர் என்ற பொருள்கள் இருப்பதை எதிர்த்து, சால்ஃபோர்டைச் சேர்ந்த யூத வணிகர் ஒருவர் வழக்குப் போட்டார். 1973-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் இருப்பதைப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை என்றார்கள் அகராதிக்காரர்கள். அகராதி பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அழித்துவிட்டால் யார் யாரை எப்படி அழைத்தார்கள் என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகும். புண்படுத்தும் வழக்கு என்று பக்கத்திலேயே தெளிவாகக் குறிப்பது அகராதியின் கடமை. இன்று அதைச் செய்கிறார்கள்.

சில நேரம் பெயருக்கு உரியவர்களே வசையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். 1650-ல் இங்கிலாந்தின் டார்பியில், புதுச் சபை ஒன்றைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸை விசாரித்த நீதிபதி, கடவுள் வார்த்தைக்கு முன் நடுங்கச் சொன்னதற்காக 'குவேக்கர்', நடுங்கி, என்று பரிகசித்தார். அவருடைய சபையார் பேரம் பேசாமல் ஒரே விலை சொல்லி விற்றார்கள், பொய்ச் சத்தியம் செய்ய மறுத்தார்கள், பெயர் நாணயத்துக்கு அடையாளமானது. 1877-ல் அமெரிக்காவில் ஓட்ஸ் விற்ற நிறுவனம் ஒன்று, அந்தச் சபையோடு எந்தத் தொடர்பும் இல்லாமலேயே, நம்பிக்கை வரட்டும் என்று அந்தப் பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்தது. நம் மளிகைக் கடை அடுக்கிலும் அது நிற்கிறது.

நம் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அப்படியொரு பெயர் உண்டு. மதத்தின் பெயர் இல்லை, சாதியின் பெயர். பறையர் என்ற பெயரை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்ட யாரும் 'பரையா', தெருநாய் 'பரையா நாய்', வானத்தில் சுற்றும் கரும்பருந்துகூட 'பரையா கைட்'. நிறவெறி காலத்துத் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்றுவரை, மற்ற நாடுகள் விலக்கிவைக்கும் எந்த நாடும் 'பரையா ஸ்டேட்'. ஒதுக்கியவர்களின் பெயர் எந்த மொழியிலும் இப்படி வசையாகவில்லை. ஒதுக்கப்பட்டவர்களின் பெயர்தான் உலகம் சுற்றுகிறது. பாஸ்டனின் மேட்டுக்குடிக்கு 1860-ல் எழுத்தாளர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கொடுத்த 'பிராமின்' என்ற பெயரை அவர்கள் பெருமையாகவே வைத்துக்கொண்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். சென்னையில் ரெட்டமலை சீனிவாசன் 1893-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் இருந்த காலத்தில், 'பறையன்' என்பதையே தலைப்பாக வைத்தார். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் அவர்.

போன மாதம் வெளியுறவுக் கொள்கை பற்றிய ஒரு நூலில் அந்த 'ஸ்டேட்' பல இடங்களில் வந்தது. தமிழ் வாசகருக்குப் பழகிய சொல்தானே, அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாமா என்று பதிப்பாசிரியர் கேட்டார். முடியாது என்றேன். தீண்டத்தகாத நாடு என்றும் எழுதமுடியாது, அதுவும் அதே தெருவிலிருந்து எடுத்த சொல்தான். 'உலகம் விலக்கிவைத்த நாடு' என்று எல்லா இடத்திலும் எழுதினேன். அடிக்குறிப்பு வேண்டுமா என்றார். வேண்டும் என்று சொல்லி, மூலத்தில் இருக்கும் சொல் எது, எந்த ஊரிலிருந்து போனது, 1893-ல் அதை யார் தலைப்பாக வைத்தார் என்று நான்கு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன். முதல் முறை வரும் பக்கத்திலேயே அச்சாகிறது.